ஹரிராமின் ஏகாதசி

தறிக்குழிக்குள் காலைத் தொங்கவிட்டபடி உட்கார்ந்து ஹரிராம் கம்பங்கூழைக் குடித்துக்கொண்டிருந்தார். நெய்து மாதக்கணக்காகிவிட்டது. ஆனாலும் காலை ஆகாரம் அந்த இடத்தில் உட்கார்ந்துதான். கனகலட்சுமி பக்கத்தில் மோர்ச்செம்போடு நின்றாள்.

"கனகு, இன்னும் கொஞ்சம் மோரை ஊத்து. பாவு நூலுக்குப் போடுற கஞ்சி மாதிரி இருக்கு."

"பதினோரு வருஷமா இதையேதான் சொல்றீங்க. பாவுக்குப் போடுற கஞ்சிக்கு யாரு மோர்மிளகாய் வறுத்துக் குடுக்குறா?"

"அதான் நூலெல்லாம் அறுந்து போகுது."

பாதிக்கு மேல் அவரால் குடிக்க முடியவில்லை. தம்ளரைக் கீழே வைத்துவிட்டுத் துண்டால் வாயைத் துடைத்துக்கொண்டார். வாசலில் ஜட்கா வந்து நின்றது. அவள் கூட வருகிறேன் என்றாள். இந்த வெயிலில் நீ எதற்கு என்று அவர் சொல்லிவிட்டார். வண்டியில் ஏறும்போது அவள் வழக்கமாகச் சொல்வதைச் சொன்னாள்.

"என்ன கலர்னு நல்லாப் பாத்துட்டு வாங்க."

"பொண்ணு பாக்கப் போறவன்கிட்டச் சொல்ற மாதிரியே சொல்லு," என்று அவரும் வழக்கமாகச் சொல்வதைச் சொன்னார்.

வண்டி பந்தடித் தெருமுனையில் திரும்பியது. அவள் உள்ளே வந்து, மிச்சம் இருந்த கூழைத் தான் குடித்துவிட்டுத் தம்ளரைக் கழுவிக் கவிழ்த்தாள். அந்த வீட்டில் வழக்கப்படி நடந்த கடைசிக் காரியம் அதுதான்.

அந்தக் கூழுக்கு அவர்கள் வந்து சேர்ந்தது நேர்வழியில் அல்ல.

ஒரு காலத்தில் ஹரிராம் சாப்பாட்டுக்குப் பேர்போனவர். சௌராஷ்டிரர் கல்யாணம் எந்தத் தெருவில் நடந்தாலும், பந்தியில் அவர் இலைக்கு முன்னால் வந்ததும் பரிமாறுகிறவன் வாளியைக் கீழே வைத்துவிட்டு நிற்பான். எப்படியும் இரண்டு தடவை குனிய வேண்டும் என்று அவனுக்குத் தெரியும். ஆள் ஒல்லிதான். நாள் முழுக்கக் குழித்தறியில் மிதியை மிதிக்கிற காலுக்கு எவ்வளவு சோறு போட்டாலும் காணாது என்று அவரே சமாதானம் சொல்வார். தன் பெண்டாட்டி சமைத்ததை அவர் குறை சொல்லிச் சாப்பிடுவாரே தவிர, மிச்சம் வைத்ததில்லை.

முப்பத்திரண்டாம் வருஷம் ஆடி மாதத்தில் அவருக்குத் தாகம் பிடித்தது. தறிக்குப் பக்கத்தில் வைத்த பானைத் தண்ணீர் மத்தியானத்துக்குள் தீர்ந்துவிடும். சாப்பாடு குறையவில்லை, உடம்பு மட்டும் கரைந்துகொண்டே வந்தது. கனகலட்சுமிக்கு முதலில் தட்டுப்பட்டது வேட்டியில். துவைக்கப் போடும்போது பார்த்தாள், வேட்டியின் முன்பக்கம் சிறுநீர் தெறித்த இடமெல்லாம் பொட்டுப் பொட்டாக விறைத்திருந்தது. நெசவுக்காரர் வீட்டில் பிறந்து நெசவுக்காரருக்கே வாழ்க்கைப்பட்டவள், கஞ்சியின் விறைப்பு எது என்று அவள் விரலுக்குத் தெரியும். சொட்டுச் சொட்டாக யாரும் துணிக்குக் கஞ்சி போடுவதில்லை. அன்றைக்கே அவரை டாக்டரிடம் இழுத்துக்கொண்டு போனாள்.

டாக்டர் ஞானசிகாமணி திருநெல்வேலிப் பக்கத்து மனிதர். மேலமாசி வீதியில் சின்னதாக ஒரு வைத்தியசாலை நடத்திவந்தார். ஒரு கண்ணாடிக் குழாயில் நீல நிறத் திரவத்தை ஊற்றி, ஹரிராம் கொண்டுவந்த சிறுநீரில் சில சொட்டுகளை அதில் விட்டு, சாராய விளக்கில் காட்டினார். நீலம் பச்சையாகி, பச்சை மஞ்சளாகி, கடைசியில் செங்கல்லைக் கரைத்து ஊற்றியது போல ஆகிவிட்டது. ஹரிராம் வந்த காரியத்தை மறந்து குழாயின் மேல் குனிந்துவிட்டார்.

"டாக்டர், இந்த அரக்கு எங்க சாயப்பட்டறையில வராது. எம்புட்டுக் காய்ச்சினாலும் கறுப்படிச்சுப் போகும்."

"இது வரக்கூடாத அரக்கு, ஹரிராம். போட்ட நீலம் போட்டபடி இருக்கணும். உமக்கு நீரிழிவு."

டாக்டர் நிதானமாகச் சொன்னார். தீருகிற நோய் இல்லை. கூட வைத்துக்கொண்டு காலம் தள்ள வேண்டிய நோய். தினமும் போட்டுக்கொள்ளக் கப்பலில் வருகிற ஊசி ஒன்று இருக்கிறது, ஆனால் இப்போதைக்கு ஆகாரத்தாலேயே பிடித்து நிறுத்தப் பார்க்கலாம். சர்க்கரை, வெல்லம், இனிப்பு எதுவும் கூடாது. சோறு கூடாது.

பிறகு மேசைக்கு அடியில் குனிந்து, ஹரிராமின் பாதத்தைப் பேனாவின் பின்பக்கத்தால் அங்கங்கே தொட்டுப் பார்த்தார். "காலை ஜாக்கிரதையாப் பாத்துக்கும். இந்த நோய் காலைத்தான் தேடி வரும்."

கனகலட்சுமியின் மனதில் விழுந்தது இந்தக் கடைசி வார்த்தைதான். குழித்தறியில் கை ஒரு பாதி, கால் ஒரு பாதி. கால் போனால் தறி போயிற்று. தறி போனால் அந்த மனிதர் எதற்காக விடியற்காலையில் எழுந்திருப்பார் என்று அவளால் நினைத்துப் பார்க்க முடியவில்லை.

ஆனால் சோறு கூடாது என்றது அவளைப் பயமுறுத்தவில்லை. பிறந்த வீட்டிலும் சரி, புகுந்த வீட்டிலும் சரி, சோறு கூடாது என்றால் அதற்கு ஒரே அர்த்தம்தான். அன்றைக்கு ஏகாதசி. பெருமாளுக்கு விரதம் இருக்கிற நாளில் சோறு பொங்க மாட்டார்கள், பலகாரம் சாப்பிடுவார்கள். பத்து வயதிலிருந்து அவள் அதைக் கடைப்பிடித்து வந்திருக்கிறாள். பட்சத்துக்கு ஒரு நாள் செய்வதைத் தினமும் செய்ய வேண்டும், அவ்வளவுதானே.

அப்படியே செய்தாள். காலையில் இட்லி. மத்தியானம் ரவை உப்புமாவும் தேங்காய்த் துவையலும். சாயங்காலம் தாளித்த அவல். ராத்திரிக்குத் தோசை, இல்லாவிட்டால் இடியாப்பம், படுக்கப் போகும்போது ஒரு தம்ளர் பாலும் இரண்டு வாழைப்பழமும். இனிப்பு என்று ஒரு துளி சேர்க்கவில்லை. பழம் பழம்தானே, இனிப்பு ஆகுமா? தெருவில் அவள் பேர் உயர்ந்தது. தினமும் ஏகாதசி இருக்கிற வீடு என்று பஜனை மடத்துப் பெண்கள் பேசிக்கொண்டார்கள்.

"நோய் எனக்கு, புண்ணியம் இவளுக்கு," என்றார் ஹரிராம், நாலாவது தோசையைப் பிய்த்தபடி.

குழாயில் மட்டும் அரக்கு மாறவில்லை. டாக்டர் நெற்றியைச் சுருக்குவார். "சோறு சாப்பிடுறதே இல்லையே?" என்பார். "கண்ணால பாத்து வருஷமாகப் போகுது டாக்டர்," என்பார் ஹரிராம். அவர் சொன்னது பொய்யில்லை.

ஒரு நாள் கனகலட்சுமி தறிக்குழியைக் கூட்டப் போனாள். வலது மிதியில் ஈரமாக ஏதோ ஒட்டியிருந்தது. சாயம் என்று நினைத்துத் துணியால் துடைத்தாள். துணியில் பட்டது சாயம் இல்லை. ஓடிப்போய் அவர் காலைத் தூக்கிப் பார்த்தாள். பெருவிரலின் அடியில் ஒரு கொட்டைப்பாக்கு அளவுக்குச் சதை பிய்ந்திருந்தது.

"வலிக்கலையா?"

"எது?" என்று கேட்டார் அவர்.

டாக்டர் அந்த விரலை வெகுநேரம் பார்த்தார். ஆறாவிட்டால் விரலை எடுக்க வேண்டியிருக்கும், அதோடு நிற்கும் என்று உறுதி சொல்ல முடியாது என்றார். பிறகு கனகலட்சுமியின் பக்கம் திரும்பினார்.

"அம்மா, காலையில எந்திரிச்சதுல இருந்து இவருக்கு என்னென்ன குடுக்குறீங்க? ஒண்ணு விடாமச் சொல்லுங்க."

அவள் சொன்னாள். கொஞ்சம் பெருமையோடுகூடச் சொன்னாள், ஒரு நாளும் தவறியதில்லை என்பதால். இட்லியில் தொடங்கி வாழைப்பழத்தில் முடித்தாள். டாக்டர் கையில் இருந்த பேனாவைக் கீழே வைத்தார்.

"அம்மா, நீங்க வச்சிருக்கிறது பத்தியமா, விரதமா?"

"ரெண்டும் ஒண்ணுதானுங்களே?"

அவர் சிரித்திருக்கலாம். சிரிக்கவில்லை. "பெருமாளுக்குச் சோறு வேற, இட்லி வேற. இந்த நோய்க்கு எல்லாம் ஒண்ணுதாம்மா. அரிசிக்கு என்ன வேஷம் போட்டுக் கூட்டிட்டு வந்தாலும் இது அடையாளம் கண்டுபிடிச்சிரும். ரவையும் அதுக்குத் தம்பிதான். நான் விளக்கமாச் சொல்லியிருக்கணும். உங்க வீட்டுப் பழக்கம் எனக்குத் தெரியாமப் போச்சு."

புதிதாக எல்லாம் சொன்னார். கீரை, காய், பாசிப்பயறு, மோர். முட்டை என்று ஆரம்பித்து, அவள் முகத்தைப் பார்த்து அதை விட்டுவிட்டார். பசி தாங்காவிட்டால் கம்பு, அதுவும் ஒரு கைப்பிடிக்கு மேல் வேண்டாம்.

இருவரும் ஜட்காவில் திரும்பினார்கள். தெற்கு மாசி வீதி வந்ததும் ஹரிராம் தொண்டையைக் கனைத்துக்கொண்டார்.

"ஒரு வருஷம் ராஜா மாதிரி சாப்பிட்டேன் கனகு. அதை இனிமே எந்த டாக்டரும் திருப்பி வாங்க முடியாது."

அவள் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு தெருவைப் பார்த்தாள்.

பந்தடித் தெருவில் கம்பு என்றால் புறாவுக்குப் போடுகிற தானியம். எங்கே போய்க் கேட்பது என்று தெரியாமல், கீரை விற்க வருகிற ஒச்சாயியிடம் கேட்டாள். ஒச்சாயி செக்கானூரணிக்கு மேற்கே ஒரு மானாவாரிக் கிராமத்துக்காரி. வெள்ளிக்கிழமைதோறும் தலையில் கூடையோடு வருவாள். கீரை விற்கிற நேரத்தைவிட வாய் பேசுகிற நேரம் அதிகம்.

"கம்பா? எதுக்குத் தாயி, புறா வளக்கப் போறீகளா?"

"சாப்புடத்தான்."

"யாரு சாப்புட?"

"எங்க வீட்டுல. அவருக்குச் சீக்கு. அரிசி ஆகாதுன்னு டாக்டர் சொல்லிட்டாரு."

ஒச்சாயி கூடையை இறக்கி வைத்துவிட்டு உட்கார்ந்தாள். "இதென்ன கூத்து. பெரியாத்துத் தண்ணி பாயுற ஊரைப் பாத்து, நெல்லுச்சோறு, நெல்லுச்சோறுன்னு நாங்க நாக்கைத் தொங்கப் போட்டுக்கிட்டுக் கெடக்கோம். மெத்தை வீட்டுல இருக்குற நீங்க கூழுக்கு வாரீகளா? எங்க வீட்டுல தீவாளிக்கும் பொங்கலுக்கும்தான் தாயி அரிசி. எம் புள்ளைக அன்னிக்குப் பூராப் பானையைச் சுத்தியே வரும்."

அப்போதே பேச்சு முடிந்துவிட்டது. இவர்கள் வீட்டு அரிசி அவளுக்கு. அவள் வீட்டுக் கம்பு இவர்களுக்கு. ஒரு படிக்கு ஒரு படி. ஆனால் ஒச்சாயிக்கு ஒரு நியாயம் இருந்தது. அரிசி ஒசத்தி, கம்பு மட்டம், இரண்டையும் ஒரே மாதிரி அளக்க அவள் மனசு ஒப்பவில்லை. அரிசியைத் தலைதட்டித்தான் வாங்குவாள். கம்பைப் படியில் கும்பாரமாகக் குவித்து, சிந்துகிற அளவுக்குப் போடுவாள். வேண்டாம் என்றாலும் கேட்க மாட்டாள்.

முதல் தடவை கனகலட்சுமி கம்பை அரிசி மாதிரிக் கழுவி உலையில் போட்டுவிட்டாள். ஹரிராம் ஒரு வாய் எடுத்தார். வெகுநேரம் மென்றார்.

"பாவுக்குப் போடுற கஞ்சியே தேவலை. அதுல உமி இருக்காது."

அடுத்த வெள்ளிக்கிழமை ஒச்சாயி அதைக் கேட்டுவிட்டு, வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். பிறகு முற்றத்துக்கு வந்து உரலைக் கேட்டாள். தண்ணீர் தெளித்து, கொஞ்சநேரம் ஊறவிட்டு, உமி போகக் குத்திப் புடைத்து, மறுபடியும் குத்தி, குருணையாக உடைத்துக் காட்டினாள். கனகலட்சுமியின் உள்ளங்கையில் கொப்புளம் வந்தது. அந்தச் சத்தம் தெருவில் கேட்டது. பட்டும் ஜரிகையும் பேசுகிற தெருவில் கம்பு இடிக்கிற சத்தம். ஹரிராம் நொடித்துப் போய்விட்டார் என்று பேச்சு கிளம்பியது. ஒரு நாள் சாயங்காலம் தூரத்து உறவில் ஒரு பெரியம்மா முந்தானைக்குள் ஒளித்து அரிசி கொண்டுவந்து, யாரும் பார்க்கவில்லை, வாங்கிக்கொள் என்று கண்ணைத் துடைத்துக்கொண்டாள். கனகலட்சுமி அரிசிப் பானையைத் திறந்து காட்டி அவளை அனுப்புவதற்குள் பெரும்பாடு ஆகிவிட்டது.

அன்றைக்கே அவள் தனக்கென்று சோறு பொங்குவதையும் நிறுத்திவிட்டாள். ஹரிராம் கோபித்துக்கொண்டார்.

"உனக்கென்ன கேடு? நீ சோறு சாப்பிடேன்."

"ரெண்டு பானை வச்சு, ரெண்டையும் யாரு தேய்க்குறது? நீங்க தேய்க்குறீங்களா?"

அவர் தறிப்பக்கம் போய்விட்டார்.

அந்த விரல் ஆற வெகுநாள் ஆயிற்று. தினமும் காலையில் வெந்நீரில் கழுவி, துடைத்து, வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்ப்பாள். விரல்களுக்கு நடுவில்கூட விலக்கிப் பார்ப்பாள். மிதியில் பழைய வேட்டித் துணியை மெத்தென்று சுற்றிக் கட்டினாள். ஹரிராம் டாக்டரிடம் போய் வந்ததும் வாசலிலேயே கேட்பாள். "அரக்குதான், ஆனா வெளிறின அரக்கு," என்பார். ஒரு நாள் "மாம்பழ மஞ்சள்" என்றார். அடுத்த தையில் செருப்பைக் கழற்றும் முன்பே, "கிளிப்பச்சை. நம்ம ராதாமணிக்கு அந்தக் கலர்ல ஒரு சேலை போடலாம்," என்றார். விரலை எடுக்க வேண்டாம் என்று டாக்டர் சொல்லிவிட்டார். புண் இருந்த இடத்தில் பளபளப்பாக ஒரு தழும்பு நின்றது.

சொன்னபடியே அந்தச் சேலையை நெய்தார். நாலைந்து வருஷம் கழித்து அவர்கள் மகள் ராதாமணி அதைக் கட்டிக்கொண்டுதான் பரமக்குடி மாப்பிள்ளைக்கு நிச்சயம் ஆனாள்.

கல்யாணப் பந்தியில் ஹரிராம் ஒரு தூக்குவாளியோடு வந்து உட்கார்ந்தார். கனகலட்சுமியின் தம்பி ராமமூர்த்திக்கு மானம் போயிற்று.

"மச்சான், பொண்ணைப் பெத்தவரு தூக்குவாளியோட உக்காந்தா சம்பந்தி வீட்டுல என்ன நெனப்பாங்க?"

"கம்பு விக்க வந்தவன்னு நெனப்பாங்க. ஒனக்கும் ரெண்டு கரண்டி போடவா மாப்ளே?"

சம்பந்தி நல்ல மனிதர். ஊட்டிவிடுவது வழக்கம் என்று ஒரு லட்டை எடுத்துக்கொண்டு நேரே வந்து ஹரிராமின் வாய்க்கு முன்னால் நீட்டினார். பந்தி முழுக்கப் பார்த்துக்கொண்டிருந்தது. ஹரிராமின் கண் கனகலட்சுமியைத் தேடியது. அவள் சாம்பார் வாளியைப் பார்ப்பது போல முகத்தைத் திருப்பிக்கொண்டாள். திரும்பிப் பார்த்தபோது அவர் கண்ணை மூடிக்கொண்டு, முழு லட்டையும் வாயில் அடக்கிவைத்திருந்தார்.

அடுத்த வாரம் டாக்டரிடம் போய்விட்டு வந்து, "மாம்பழ மஞ்சள்," என்றார்.

"எந்த மாம்பழம்? காய்வெட்டா, செம்பழமா?"

"கொஞ்சம் செவந்த பழம்தான்."

அந்த மாதம் முழுக்கக் கம்பின் அளவைக் குறைத்து, முருங்கைக்கீரையைக் கூட்டிவிட்டாள்.

இப்படியே ஓடிற்று. யுத்தம் வந்தது. டாக்டர் முன்பு சொன்ன ஊசியை ஏற்றி வருகிற கப்பல்கள் நின்றுபோயின, ஹரிராமுக்கு அது தேவைப்பட்டிருக்கவில்லை. அரிசிக்கு ரேஷன் வந்தபோது பந்தடித் தெரு முழுக்கச் சோளத்தையும் கேழ்வரகையும் தேடி அலைந்தது. கம்பை எப்படிக் குத்துவது என்று கேட்டு, மூக்கைச் சுளித்த வீட்டுக்காரிகளே கனகலட்சுமியின் முற்றத்தில் வந்து நின்றார்கள். சர்க்கரை ரேஷனை அவள் அக்கம்பக்கத்துக்கே கொடுத்துவிடுவாள். ஊரே நம்ம வீட்டுக்கு வந்து சேர்ந்துவிட்டது என்று ஹரிராம் சொல்லிச் சொல்லிச் சிரித்தார். ரேஷன் அரிசியிலும் ஒச்சாயியின் பங்கு மட்டும் நிற்கவில்லை.

நாற்பத்து நாலாம் வருஷம் தொடக்கத்தில் காலையில் எழுந்ததும் அவர் முகம் ஊதியிருந்தது. அப்புறம் கணுக்கால். நோய் சிறுநீரகத்தைப் பிடித்திருக்கிறது என்று உப்பைக் குறைக்கச் சொன்னார் டாக்டர், குறைத்தாள். பருப்பைக் குறைக்கச் சொன்னார், குறைத்தாள். படி ஏறினால் மூச்சு வாங்கியது. மிதியை மிதிக்கத் தெம்பு இல்லாமல் தறி நின்றது. ஆனால் பாதத்தில் ஒரு கீறல் கிடையாது. அவள் தினமும் பார்த்துக்கொண்டுதான் இருந்தாள்.

கூழைப் பாதியில் வைத்துவிட்டுப் போன அன்று ஜட்கா திரும்பி வந்தபோது வெயில் இறங்கியிருந்தது. ஹரிராம் இறங்கி, நிலையைப் பிடித்துக்கொண்டு கொஞ்சம் நின்று மூச்சு விட்டார்.

"என்ன கலர்?"

"நீலம்."

"விளையாடாதீங்க."

"சத்தியமா கனகு. போட்டது போட்டபடி நின்னுச்சு. மயில்கழுத்துகூட இல்லே. சுத்த நீலம்."

இத்தனை வருஷத்தில் அந்தக் குழாய் ஒரு தடவைகூட நீலமாக நின்றதில்லை. "டாக்டர் என்ன சொன்னாரு?"

"அவரும் ரொம்ப நேரம் குழாயைத்தான் பாத்தாரு. அப்புறம், இனிமே பத்தியம் வேண்டாம், உமக்கு என்ன பிடிக்குதோ அதைச் சாப்பிடும்னுட்டாரு. வாசல் வரைக்கும் கூட வந்து வண்டியில ஏத்திவிட்டாரு."

கனகலட்சுமி அப்படியே தறிமேடையில் உட்கார்ந்துவிட்டாள். கண்ணீர் தானாக இறங்கியது. துடைத்துக்கொண்டு சிரித்தாள்.

"துவாதசி வந்துருச்சுங்க."

ஏகாதசிக்கு மறுநாள் துவாதசி. விடிந்ததும் குளித்து, அகத்திக்கீரையும் நெல்லிக்காயும் சுண்டைக்காயும் சேர்த்துச் சோறு சாப்பிட்டு விரதத்தை முடிப்பார்கள். அதற்குப் பாரணை என்று பேர். ஹரிராம் அவள் முகத்தைக் கொஞ்சநேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஆமா கனகு," என்றார். "வந்துருச்சு."

மறுநாள் வெள்ளிக்கிழமை. விடிவதற்குள் குளித்து, அரிசியைக் களைந்து வைத்தாள். பருப்பு வெந்தது. நெல்லிக்காய்ப் பச்சடி அரைத்தாள். எதிர்வீட்டில் வெல்லம் வாங்கிவந்து, கொஞ்சம்போலச் சர்க்கரைப் பொங்கலும் கிண்டினாள். அந்த அடுப்பில் பன்னிரண்டு வருஷமாக அந்த வாசனை வந்ததில்லை. அகத்திக்கீரைதான் பாக்கி. ஒச்சாயியின் குரல் கேட்டதும் ஓடினாள்.

"அகத்தி வச்சிருக்கியா ஒச்சாயி? எங்க வீட்டுல இன்னைக்குச் சோறு."

"என்ன விசேசம் தாயி?"

"டாக்டர் எல்லாம் சாப்பிடலாம்னுட்டாரு. பிடிச்சதைக் குடுக்கச் சொல்லிட்டாரு. பத்தியமே வேண்டாமாம்."

ஒச்சாயி கீரைக்கட்டை எடுக்கப் போன கையை அப்படியே நிறுத்தினாள்.

"அவரே சொன்னாரா? பிடிச்சதைக் குடுக்கச் சொல்லி?"

"ஆமா. அவரேதான்."

ஒச்சாயி பதில் சொல்லவில்லை. அவள் பேசாமல் இருந்து கனகலட்சுமி பார்த்ததே இல்லை. அகத்திக்கீரையை எடுத்துக் கையில் கொடுத்தாள். பிறகு கூடைக்கு அடியிலிருந்து கம்பு மூட்டையை எடுத்து, படியில் போட ஆரம்பித்தாள்.

"கம்பு வேண்டாம் ஒச்சாயி. இனிமே எதுக்கு?"

"இருக்கட்டும் தாயி. கெட்டா போகும்." கும்பாரமாகக் குவித்து முறத்தில் கொட்டினாள். கூடையைத் தூக்கித் தலையில் வைத்துக்கொண்டாள். "போயி அவுகளுக்கு எலையைப் போடுங்க. சூடு ஆறிரும். நான் வாரேன்."

"அரிசி வாங்காமப் போறியே? இரு, படியை எடுத்துட்டு வாரேன்."

"இன்னைக்கு வேணாம். அவுக சாப்புடட்டும்."

வெயிலோ மழையோ, தன் பிள்ளைகளுக்கான அரிசியை ஒச்சாயி ஒரு வெள்ளிக்கிழமையும் விட்டுவிட்டுப் போனதில்லை. தெருமுனை வரைக்கும் அவள் கூடை போவதைக் கனகலட்சுமி பார்த்துக்கொண்டு நின்றாள். பார்த்துக்கொண்டே நின்றபோது, குழாயில் நீலம் நின்றது நோய் தீர்ந்ததால் அல்ல என்று அவளுக்குப் புரிந்தது. டாக்டர் வாசல் வரைக்கும் வந்து வண்டியில் ஏற்றிவிட்டது புரிந்தது. நேற்று ஹரிராம் தன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தது புரிந்தது.

உள்ளே அவர் குளித்துவிட்டு, நாமம் இட்டுக்கொண்டு, மணையில் உட்கார்ந்திருந்தார். அவள் முகத்தைக் கழுவிக்கொண்டு வந்து இலை போட்டாள். கீரையை ஆய்ந்து, வதக்கி, கடைசியாக வைத்தாள். எல்லாம் முறைப்படி பரிமாறினாள்.

அவர் அகத்திக்கீரையில் ஒரு பிடி சோற்றைப் பிசைந்து வாயில் போட்டார்.

"சோறு இம்புட்டு இனிக்கும்னு மறந்தே போச்சு கனகு. இந்த இனிப்பைத்தான் அந்த டாக்டர் அப்பவே கண்டுபிடிச்சிருக்காரு."

பொங்கலை விரல் நுனியால் தொட்டு நக்கினார். இன்னும் ஒரு வாய்ச் சோறு. அதற்கு மேல் இறங்கவில்லை. தண்ணீரைக் குடித்துவிட்டு அவளைப் பார்த்தார்.

"நீயும் உக்காரு."

"நீங்க முதல்ல சாப்பிடுங்க."

"விரதம் நான் ஒருத்தனா இருந்தேன்? உக்காரு. பாரணையை ஒருத்தர் மட்டும் பண்ணக் கூடாது."

அவள் எதிரில் உட்கார்ந்தாள். அவர் பானையை இழுத்து, பக்கத்தில் இன்னொரு இலையைப் போட்டு, தானே ஒரு கரண்டிச் சோறு வைத்தார். அதுவரை அந்த மனிதர் யாருக்கும் பரிமாறிப் பழக்கமில்லாதவர். பாதி சோறு தரையில் விழுந்தது. அவள் பிசைந்து சாப்பிட்டாள்.

"எப்படி இருக்கு?"

"குழைஞ்சு போச்சு. பழக்கம் விட்டுப்போச்சு பாருங்க."

"குழைஞ்சாலும் பாவுக்குப் போடுற கஞ்சியைவிடத் தேவலை," என்றார் ஹரிராம். அவள் இலை காலியாகும் வரை எழுந்திருக்காமல் உட்கார்ந்திருந்தார்.

டாக்டர் சொன்னதைப் பற்றி அவர்கள் பேசிக்கொள்ளவில்லை. பரமக்குடிக்குத் தந்தி போய், ராதாமணி வந்து சேர்ந்தாள். சித்திரைத் திருவிழாவுக்குக் கொடி ஏறுவதற்கு முன்னால், ஒரு மத்தியானம், தறியைப் பார்த்தபடி ஒருக்களித்துப் படுத்திருந்தவர் அப்படியே போய்விட்டார். குளிப்பாட்டும்போது கனகலட்சுமி கால்மாட்டில் உட்கார்ந்து பாதத்தைத் தானே துடைப்பேன் என்றாள். யாரும் தடுக்கவில்லை. வழக்கம்போல விரல்களுக்கு நடுவில் விலக்கித் துடைத்தாள். பத்து விரலும் இருந்தன. வலது பெருவிரலின் அடியில் அந்தத் தழும்பு வழவழவென்று இருந்தது.

காரியங்கள் முடிந்து வீடு வெறிச்சென்று ஆன பிறகு, தன்னோடு பரமக்குடிக்கு வந்துவிடும்படி ராதாமணி கூப்பிட்டாள். பார்க்கலாம் என்றாள் கனகலட்சுமி. இனிமேலாவது சோறு பொங்கிச் சாப்பிடு அம்மா என்றாள். அதற்கும் பார்க்கலாம் என்றாள்.

வெள்ளிக்கிழமை ஒச்சாயி வந்தாள். கூடையை இறக்கிவிட்டு, துக்கம் கேட்டுக் கொஞ்சம் அழுதாள். பிறகு மூக்கைச் சிந்திப் போட்டுவிட்டு, படியைக் கேட்டாள். கனகலட்சுமி அரிசியைக் கொண்டுவந்தாள்.

அரிசியைத் தலைதட்டி வாங்கிக்கொண்டாள். கம்பைக் கும்பாரமாகக் குவித்துப் போட்டாள்.